நோக்கம் எப்படிப் பொதுவாகிறது? அமைப்பும் தலைமையும்

(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இரட்டைமலை சீனிவாசன் பெயரால் நடக்கும் இந்தச் சொற்பொழிவில் அவருடைய புகழை மட்டும் பேசிக் கலைந்து போவது எளிது. ஆனால் நாம் அவருடைய வேலையைப் பேச விரும்புகிறோம். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் சிதறிக் கிடந்த மனிதர்களை ஓர் அமைப்பாக ஆக்கினார்கள். அந்த அமைப்பில் இருந்தவர்களுக்கு ஒரே நோக்கம் இருந்தது. அது எப்படி உண்டானது, தலைவர் அதில் என்ன செய்தார், மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதே இன்றைய பேச்சு.

இந்தக் கேள்வியைப் புத்தக ஆர்வத்தால் எடுத்துக்கொள்ளவில்லை. சேரிக்குள் ஒரு வன்கொடுமை நடக்கிறது. அன்று இரவே ஐந்நூறு பேர் கூடுகிறார்கள். சாலை மறியல் நடக்கிறது. கிளை தொடங்கப்படுகிறது, பெயர்ப்பலகை திறக்கப்படுகிறது, கொடி ஏறுகிறது. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பலகை இருக்கிறது, கொடிக்கம்பம் இருக்கிறது, கிளைச் செயலாளரைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் கிளை எதற்காக இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. வழக்கு நீதிமன்றத்தில் தனியாக நடக்கிறது. சாட்சி சொல்ல வேண்டியவர் தனியாக நிற்கிறார். கோபம் ஐந்நூறு பேருக்கும் பொதுவாக இருந்தது, நோக்கம் பொதுவாகவில்லை. அந்த இடைவெளியின் விலையைக் கொடுப்பவர் அந்தச் சாட்சிதான்.

பெரிய வணிக நிறுவனங்களில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மேலே இருப்பவர்கள் கூடி நிறுவனத்தின் நோக்கத்தை நான்கு வரியில் எழுதி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். வேலைக்கு வருகிறவர் அதைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். அவருக்குச் சம்பளம் இருக்கிறது, படிக்காவிட்டாலும் வேலை நடக்கும். நம்முடைய அமைப்பில் சம்பளம் கிடையாது. அடி கிடைக்கும், வழக்கு கிடைக்கும், ஊர்க்காரர் தோட்டத்தில் வேலை போகும். அதற்குப் பிறகும் ஒருவர் அடுத்த கூட்டத்துக்கு வருகிறார் என்றால் சுவரில் மாட்டிய வாசகம் அவரை அழைத்து வரவில்லை. வேறு ஏதோ ஒன்று அழைத்து வருகிறது. அது என்ன என்று மூன்று நான்கு நிகழ்ச்சிகளை வைத்துப் பார்ப்போம்.

3,412 கையெழுத்துகள்

1893 அக்டோபரில் சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே இதழின் பெயராக வைத்தார். முதல் இதழ் இரண்டு நாளில் சுமார் 400 பிரதிகள் விற்றது என்று தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவரே குறித்திருக்கிறார். மாத இதழாகத் தொடங்கியது வார இதழானது. பிறகு சொந்த அச்சுக்கூடமும் வந்தது. 1900 வரை இதழ் நடந்தது.

இதழ் தொடங்கிய அதே ஆண்டு ஒரு பிரச்சினை எழுந்தது. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. அப்படி நடந்தால் யார் அதிகாரியாக வருவார்கள், அவர்கள் நம் மக்களை எப்படி நடத்துவார்கள் என்ற கேள்வி சீனிவாசன் முன்னால் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குள் நம்மை விடாத சாதிகள்தான் அந்தத் தேர்வை எழுதப் போகின்றன. ஆகவே 1893 டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டி எதிர்ப்பு மனு தயாரித்தார். அந்த மனு 112 அடி நீளம். அதில் 3,412 பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அது ஜெனரல் செஸ்னி வழியாகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது.

இந்த மனுவின் அரசியலைப் பற்றி விவாதிக்கலாம். காங்கிரஸை எதிர்த்ததால் வெள்ளையரின் ஆள் என்று அன்றே சொன்னார்கள், இன்றும் சொல்பவர்கள் உண்டு. அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். அமைப்பு கட்டுகிறவர்கள் பார்க்க வேண்டியது வேறு. லண்டன் நாடாளுமன்றத்துக்கு நன்றாக எழுதப்பட்ட ஒரு பக்கக் கடிதம் போதும். தலைவர் ஒருவரே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒருவர் இன்னொருவரிடம் போய், விஷயம் இன்னது, நமக்கு வரப்போகும் கேடு இன்னது என்று விளக்கியிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவர் தம் பெயரைத் துணிந்து கொடுத்திருக்க வேண்டும். 112 அடி என்பது அப்படி நடந்த பேச்சுகளின் நீளம். மனு லண்டனுக்குப் போய்ச் சேர்ந்த அதே நேரத்தில், சென்னையிலும் சுற்றிலும் 3,412 பேர் தாங்கள் ஒரே காரியத்தில் கை வைத்தவர்கள் என்று அறிந்திருந்தார்கள்.

பெயரைப் பற்றிய சண்டை

அதே காலத்தில் பண்டிதர் அயோத்திதாசர் வேறு வழியில் சென்றார். 'பறையன்' என்ற பெயரை அவர் ஏற்கவில்லை. அது பிறர் நம்மீது சுமத்திய பெயர், நாம் சாதிபேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்று வாதிட்டார். 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ் வந்தது. ஓராண்டுக்குப் பிறகு அது 'தமிழன்' ஆனது. 1914-இல் அவர் இறக்கும் வரை நடத்தினார்.

இந்த இருவரும் உறவினர்கள், ஒரே ஊரில் வேலை செய்தவர்கள், பெயரிலேயே வேறுபட்டார்கள். இதைப் பிளவு என்று வருந்துகிறவர்கள் உண்டு. நாம் அப்படிப் பார்க்கவில்லை. நாம் யார் என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் நமக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியைத் தொட முடியாது. அந்த விடையை இருவரும் அச்சில், எல்லோரும் படிக்கும்படி, காரணம் சொல்லி விவாதித்தார்கள். படித்தவர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் யோசித்துச் சாய்ந்தார்.

'தமிழன்' எப்படி வாழ்ந்தது என்பதையும் பாருங்கள். சென்னை ராயப்பேட்டையில் அச்சான இதழுக்குக் கோலார் தங்கவயலில் வாசகர்கள் இருந்தார்கள். சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிய தொழிலாளர்கள் சந்தா கட்டினார்கள், சங்கக் கிளை நடத்தினார்கள். வாசகர்கள் வினா எழுதி அனுப்பினார்கள், பண்டிதர் விடை எழுதினார். அந்த வினா விடைப் பகுதியை இன்று புரட்டினால் ஒரு விஷயம் தெரியும். எதைப் பற்றி எழுத வேண்டும் என்பதில் ஒரு பங்கு வாசகரின் கையில் இருந்தது. அவர் இறந்த பிறகும் பல ஆண்டுகள் கழித்துத் தங்கவயலில் இருந்தே ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மறுபடி கொண்டுவந்தார். ஓர் இதழ் தன் ஆசிரியர் இறந்த பிறகு இன்னோர் ஊரில் எழுந்து நிற்கிறது என்றால் அதன் நோக்கம் அந்த ஊர்க்காரர்களுக்குச் சொந்தமாகியிருந்தது என்று பொருள்.

மகாத்: மூன்று ரூபாயும் அரிசியும்

இனி அண்ணல் அம்பேத்கரின் வேலைக்கு வருவோம். 1924 ஜூலை 20 அன்று பம்பாயில் பகிஷ்கிருத் ஹிதகாரிணி சபா தொடங்கப்பட்டது. 'கற்பி, ஒன்றுசேர், புரட்சி செய்' என்று இன்று நம் சுவரொட்டிகளில் வரும் முழக்கம் அந்தச் சபையோடு சேர்ந்தது. முழக்கம் எல்லோருக்கும் தெரியும். அதன் கீழ் சபை முதலில் செய்தது என்ன? சோலாப்பூரில் மாணவர் விடுதி. நூலகம், படிப்பகம். பம்பாயில் இளைஞர்களுக்கு ஒரு ஹாக்கிக் குழு. ஹாக்கியா என்று சிரிக்க வேண்டாம். மாலையில் மதுக்கடைக்கும் சூதாட்டத்துக்கும் போகக்கூடிய இளைஞன் ஒரு மைதானத்துக்கு வந்தால் அங்கே பதினோரு பேரோடு சேர்ந்து நிற்கப் பழகுகிறான். அமைப்பு என்பதன் முதல் பாடம் அது.

1927 மார்ச் 19, 20 தேதிகளில் கொங்கணப் பகுதியில் உள்ள மகாத் நகரில் மாநாடு. இந்த மாநாட்டைப் பற்றிப் பேசும்போது அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்திய காட்சியே நம் கண்முன் வருகிறது. அந்தக் காட்சிக்கு முந்தைய இரண்டு மாதங்களை நாம் அதிகம் பேசுவதில்லை. ஆர்.பி. மோரே என்ற உள்ளூர் இளைஞரும் அவருடைய தோழர்களும் ஊர் ஊராகப் போனார்கள். 40 கிராமங்களில் கிராமத்துக்கு மூன்று ரூபாய் வசூலித்தார்கள். மாநாட்டுக்கு வருகிறவர்களுக்குச் சமைக்க அரிசியும் கோதுமையும் சேர்த்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் உட்கார்ந்து மாநாடு எதற்கு என்று விளக்கினார்கள்.

பம்பாயில் உள்ள நல்லெண்ணம் கொண்ட செல்வந்தர் ஒருவரிடம் அந்த நூற்றிருபது ரூபாயை ஒரே நாளில் வாங்கியிருக்க முடியும். அப்படி வாங்கியிருந்தால் மாநாடு நடந்திருக்கும், ஆனால் 40 கிராமங்கள் பார்வையாளர்களாக வந்திருக்கும். மூன்று ரூபாய் கொடுத்த ஊர், நம் ஊர்ப் பணம் அங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தது. மாநாட்டுக்கு வந்தவர்கள் குடிக்கத் தண்ணீருக்காக ஆதிக்கச் சாதியினரிடம் 40 ரூபாய் கொடுத்து நீர் வாங்க வேண்டியிருந்தது. ஆகவே தண்ணீர் ஏன் கோரிக்கை என்று அந்தப் பந்தலில் யாருக்கும் விளக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். குளத்துக்குப் போவோம் என்ற அழைப்பு, மாநாட்டின் இறுதியில் ஏ.வி. சித்ரே என்ற தோழரின் பேச்சில் வந்தது. அவர் பிறப்பால் தலித் அல்லர். பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று 1923-இல் போலே கொண்டுவந்த தீர்மானம் பம்பாய் சட்ட மன்றத்தில் நிறைவேறியிருக்கிறது, மகாத் நகராட்சியும் அதை ஏற்றிருக்கிறது, அந்த உரிமையைக் கையில் எடுக்காமல் கலைந்து போகலாமா என்று கேட்டார். கூட்டம் எழுந்தது. அம்பேத்கர் முன்னே நடந்தார். தலைவர் முன்னால் நடந்தார் என்பது உண்மை. கூட்டம் ஏற்கெனவே நடக்கத் தயாராக இருந்தது என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்தால்தான் மகாத்.

நீர் அருந்திவிட்டுத் திரும்பியவர்கள் மீது தாக்குதல் நடந்தது. கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று வதந்தியைப் பரப்பி, தனியாக அகப்பட்டவர்களை அடித்தார்கள். மாநாட்டுக்கு வந்திருந்தவர்களில் முன்னாள் படைவீரர்கள் பலர். திருப்பி அடிக்கும் வலு இருந்தது. அம்பேத்கர் அமைதி காக்கச் சொன்னார், காத்தார்கள். அடிபட்டுக்கொண்டு அமைதியாக இருப்பது எளிதான கட்டளை அல்ல. எதற்காக வந்தோம் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்ததால்தான் அந்தக் கட்டளை பலித்தது. நோக்கம் பொதுவாக இருந்தால் மட்டுமே கட்டுப்பாடு பொதுவாக இருக்கும் என்பதைச் சங்கம் நடத்துகிற ஒவ்வொருவரும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மறுத்துப் பேசும் இடம்

அதற்குப் பிறகு ஆதிக்கச் சாதியினர் குளத்துக்குத் 'தீட்டுக் கழித்தார்கள்'. நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. அம்பேத்கர் 1927 ஏப்ரல் 3 அன்று 'பகிஷ்கிருத் பாரத்' இதழைத் தொடங்கினார், அதாவது குளத்தில் நீர் அருந்திய பதினான்காம் நாள். நடந்தது என்ன, ஏன் நடந்தது, அடுத்து என்ன என்று அதில் எழுதினார். டிசம்பரில் மறுபடி மகாத்தில் கூடுவது என்று முடிவானது.

இந்த முறை மாநாட்டுக்கு இடம் தர ஊரில் யாரும் முன்வரவில்லை. பத்தேகான் என்ற இசுலாமியர் தம் நிலத்தைக் கொடுத்தார். எதிர்த்தரப்பு நீதிமன்றத்துக்குப் போய்க் குளத்துக்குத் தடையாணை வாங்கியது. டிசம்பர் 25 அன்று மாநாடு தொடங்கியது. அன்று மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அடுத்து எழுந்த கேள்வி: தடையாணையை மீறிக் குளத்தில் இறங்குவதா, நீதிமன்றத்தில் வாதாடுவதா?

ஆயிரக்கணக்கானோர் இறங்குவதற்கென்றே வந்திருந்தார்கள். சிறைக்குப் போகத் தயார் என்று பெயர் கொடுத்திருந்தார்கள். அம்பேத்கருக்கு இறங்க வேண்டாம் என்று தோன்றியது. சாதி இந்துக்களோடு சண்டை இருக்கும்போது அரசோடும் ஒரே நேரத்தில் சண்டை தொடங்கக்கூடாது என்பது அவருடைய வாதம். அவர் நினைத்திருந்தால் மேடையேறி, 'என் முடிவு இது' என்று சொல்லியிருக்கலாம், கேட்டிருப்பார்கள். ஆனால் கூட்டத்தில் விவாதம் நடந்தது. இறங்கியே தீர வேண்டும் என்று பலர் பேசினார்கள். மாவட்ட ஆட்சியர் வந்து பேசினார். கடைசியில் சத்தியாகிரகத்தைத் தள்ளிவைப்பது என்று மாநாடே தீர்மானம் போட்டது. குளத்தில் இறங்காமல் அதைச் சுற்றி ஊர்வலமாக வந்தார்கள். வழக்கு பத்து ஆண்டு நடந்தது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

ஏமாற்றத்தோடு ஊர் திரும்பியவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் தலைவருக்கு எதிராகப் பேசியவரும் அந்த ஊர்வலத்தில் நடந்தார். தம் பேச்சைக் கேட்ட பிறகு எடுத்த முடிவு என்பதால் நடந்தார். பொது நோக்கத்தை உண்டாக்கும் வேலையில் தலைவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். மறுத்துப் பேச இடம் இல்லாத இடத்தில் கிடைப்பது ஒப்புதல் போலத் தோன்றும் மௌனம். அது அடுத்த இக்கட்டு வரும் வரைதான் நிற்கும்.

தலைவருக்குப் பிறகு

1943 ஜனவரி 18 அன்று பூனாவில் நீதிபதி ரானடேயின் பிறந்தநாள் கூட்டத்தில் அம்பேத்கர் ஓர் உரையாற்றினார். நம்முடைய இன்றைய கூட்டம் போன்றதுதான் அது, மறைந்த பெரியவர் ஒருவரை நினைவுகூரும் கூட்டம். அங்கே நின்று தனிமனித வழிபாட்டை அவர் கடுமையாக விமர்சித்தார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போதும், சமயத்தில் பக்தி முக்திக்கு வழியாக இருக்கலாம், அரசியலில் அது வீழ்ச்சிக்கும் சர்வாதிகாரத்துக்கும் வழி என்ற கருத்தைச் சொன்னார். தம்மைப் பின்பற்றும் மக்களுக்கும் சேர்த்தே சொன்ன எச்சரிக்கையாக நாம் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த எச்சரிக்கை எவ்வளவு உண்மை என்பதைப் பிறகு நடந்தது காட்டியது. 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். அவர் திட்டமிட்டிருந்த இந்தியக் குடியரசுக் கட்சி 1957 அக்டோபர் 3 அன்று தொடங்கப்பட்டது. நம் சென்னையைச் சேர்ந்த என். சிவராஜ் அதன் முதல் தலைவர். 1942-இல் நாகபுரியில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு தொடங்கப்பட்டபோதும் அவரே தலைவர். அனுபவம் மிக்க தலைமை, நாடு முழுதும் தொண்டர்கள், எல்லாம் இருந்தும் சில ஆண்டுகளுக்குள் கட்சி பிளந்தது. உண்மையான வாரிசு யார் என்ற கேள்வி, என்ன செய்யப் போகிறோம் என்ற கேள்வியை விழுங்கிவிட்டது.

அந்தச் சோர்வுக்கு நடுவே ஒரு விதிவிலக்கு நடந்தது. 1964 டிசம்பரில் தாதாசாகேப் கெய்க்வாட் முன்னின்று நடத்திய நில உரிமைப் போராட்டம். தரிசு நிலத்தை நிலமற்றவர்களுக்குக் கொடு, குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை நடைமுறைப்படுத்து என்பன போன்ற கோரிக்கைகளை எழுதிப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியிடம் கொடுத்தார்கள். பல மாநிலங்களில் மக்கள் அணியணியாகச் சிறைக்குப் போனார்கள். வாரிசுச் சண்டையில் கலைந்த அதே மக்கள், நிலம் என்றதும் சேர்ந்தார்கள். கோரிக்கை ஒவ்வொரு குடும்பத்தின் அடுப்போடும் தொடர்புடையதாக இருந்தது.

1972-இல் பம்பாயில் இளம் எழுத்தாளர்கள் தலித் பேந்தர்ஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். நாமதேவ் தசால், ராஜா தாலே, ஜே.வி. பவார் எல்லோரும் எழுத்தின் வழியாக வந்தவர்கள். இலக்கிய மன்றத்தில் கூடியிருக்கும் நமக்கு அந்த அமைப்பு நெருங்கியது. 1973-இல் அவர்களுடைய கொள்கை அறிக்கை வந்தது. இன்றும் படிக்கத் தகுந்த அறிக்கை. ஆனால் அது அமைப்பு முழுவதன் குரலா, ஒரு தரப்பின் குரலா, அம்பேத்கரியமா மார்க்சியமா என்ற சண்டையில் 1974-லேயே அமைப்பு உடைந்தது. எழுத்துக்கு வலிமை உண்டு, ஆனால் ஒரு நோக்கத்தை அழகாக எழுதிவிடுவதாலேயே அது பொதுவாகிவிடாது. எழுதுவதற்கு முன்னால் உட்கார்ந்து பேச வேண்டிய பேச்சை எழுத்து மிச்சப்படுத்தித் தராது.

நோக்கத்துக்கு ஒரு சர்வே எண்

தமிழ்நாட்டுக்கு வருவோம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்கள் பல வழிகளில் கைமாறிப் போயின. நூறு ஆண்டுக்குப் பிறகு 1994-இல் செங்கல்பட்டுப் பகுதியில் உள்ள காரணையில் அந்த நிலத்தை மீட்கும் போராட்டம் நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு பஞ்சமி நிலம் என்ற சொல் தமிழ்நாட்டுச் சேரிகளில் பரவியது.

நில உரிமை வேண்டும் என்று மேடையில் பேசினால் கைதட்டுவார்கள். நம் ஊர்ப் பஞ்சமி நிலத்தின் சர்வே எண் இது, அடங்கலில் இன்று இருக்கும் பெயர் இது, தாசில்தாருக்கு மனுக் கொடுத்த தேதி இது என்று சொன்னால் அடுத்த நாள் காலையில் ஆள் வரும். 3,412 பேருக்கு ஒரு தேர்வு. மகாத் மக்களுக்கு ஒரு குளம், அதோடு கையில் ஒரு தீர்மானத்தின் நகல். காரணை மக்களுக்கு ஒரு நிலம். 'சமத்துவம்' என்ற பெரிய சொல் இவற்றின் வழியாகத்தான் மனிதர்களின் கைக்கு வந்தது. பெரிய சொல்லைக் கைவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அந்தச் சொல்லை இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு வேலையாக மாற்றிக் கொடுப்பது தலைமையின் பொறுப்பு என்கிறோம்.

'நாம்' என்பதில் யார் யார்?

பொது நோக்கம் என்று பேசும்போது 'பொது' என்பதில் யார் விடுபடுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். 1942 ஜூலையில் நாகபுரியில் கூட்டமைப்பு தொடங்கப்பட்ட அதே நாட்களில், சுலோசனாபாய் டோங்ரே தலைமையில் பெண்கள் மாநாடு தனியாக நடந்தது. பெண்கள் தாங்களே தலைமை ஏற்றுத் தங்கள் தீர்மானங்களை நிறைவேற்றினார்கள். எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. மறியலில் முன்வரிசையில் பெண்கள் இருக்கிறார்கள், காவல் நிலைய வாசலில் விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்களும் அவர்களே. நிர்வாகக் குழு கூடும் அறையில் எத்தனை பேர்? மகளிர் அணி என்று ஒன்றை வைத்துவிட்டு முடிவுகளை வேறு அறையில் எடுத்தால், அந்த முடிவில் உள்ள நோக்கம் அமைப்பில் பாதிப் பேருடையது அல்ல.

அதே போல, பட்டியல் சாதிகளுக்குள் எல்லோருடைய வலியும் ஒன்று என்று சொல்லி முடித்துவிட முடியாது. மலக்குழியில் இறங்கி மூச்சடைத்துச் சாகிறவர்களில் அருந்ததியர் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். 2009-இல் 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமானது. 2024-இல் உச்ச நீதிமன்றம் உள் வகைப்படுத்தல் செல்லும் என்று சொன்னது. இந்த விஷயத்தில் நம் அமைப்புகளுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. அதை மேடையில் பேசாமல் இருப்பதால் ஒற்றுமை காப்பாற்றப்படும் என்ற எண்ணம் தவறு. அம்பேத்கரின் சபையில் சாம்பார் சாதியைச் சேர்ந்த சிவ்தர்கர் செயலாளராக இருந்தார். அதற்காகச் சாதிகளுக்கு இடையில் இருந்த கசப்பு மறைந்துவிடவில்லை, ஆனால் பொறுப்பு பகிரப்பட்டது. பொறுப்பைப் பகிராமல் நோக்கத்தை மட்டும் பகிரச் சொன்னால் எளியவர் அதை நம்ப மாட்டார், நம்பவும் கூடாது.

செய்யக்கூடியவை

மாணவர்கள் கேட்பீர்கள், இதையெல்லாம் வைத்து நாளைக்கு என்ன செய்வது என்று. சில சொல்கிறோம். பெரிய விஷயங்கள் அல்ல.

ஒவ்வொரு கிளையிலும் ஒரு கூட்டக் குறிப்பேடு இருக்கட்டும். யார் என்ன சொன்னார், யார் மறுத்தார், என்ன முடிவு என்று எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அதை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் வரும் அறிவிப்பு கூட்டம் ஆகாது, அதில் கைவிரலை உயர்த்திப் போடும் படம் ஒப்புதல் ஆகாது.

பணத்தை எல்லோரிடமும் வாங்குங்கள், குறைவாக வாங்குங்கள், கணக்கை எல்லோர் முன்னாலும் வாசியுங்கள். ஒரே ஒருவர் கொடுக்கும் ஒரு லட்சத்தைவிட, நூறு வீடு கொடுக்கும் பத்து ரூபாய் அமைப்பை நிறுத்தும். ஒரு லட்சம் கொடுத்தவர் தம் நோக்கத்தையும் சேர்த்தே கொடுப்பார்.

செயலாளர் பொறுப்பை ஒருவரிடமே ஆண்டுக் கணக்கில் விடாதீர்கள். மனு எழுதத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் கிளை, அவருக்குக் காய்ச்சல் வந்தால் படுத்துவிடும். தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் எழுதவும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் எழுதவும், அடங்கல் பார்க்கவும் பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுங்கள். பத்துப் பேருக்கும் தெரிந்த பிறகு தலைவருக்கு மதிப்புக் குறையும் என்று பயப்படுகிறவர் தலைவர் ஆகத் தகுதியற்றவர்.

சாட்சி சொல்லப் போகிறவரோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் இருவர் போங்கள். முறை வைத்துப் போங்கள். அந்தக் கிளையின் நோக்கம் என்ன என்று யாராவது கேட்டால், நீதிமன்ற வாசலில் அவர் பக்கத்தில் நிற்கும் இருவரைக் காட்டலாம். பேச்சில் சொல்வதைவிட அது தெளிவாக இருக்கும்.

எழுதத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வேலை. உங்கள் கிளையின் வரலாற்றை எழுதுங்கள். மகாத்துக்கு 40 கிராமங்கள் மூன்று ரூபாய் கொடுத்தது நமக்குத் தெரிவதற்குக் காரணம், அதில் வேலை செய்தவர்கள் நினைவில் வைத்து எழுதினார்கள். உங்கள் ஊரில் தேநீர்க்கடையில் இரட்டைக் குவளையை எடுக்க வைத்தவர்கள், பொதுக் குழாயில் முதலில் குடம் வைத்த பெண், சுடுகாட்டுப் பாதைக்காக இருபது ஆண்டு மனுக் கொடுத்த முதியவர், இவர்களெல்லாம் இன்னும் சில ஆண்டுகளில் இருக்க மாட்டார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். அவர்கள் பெயரோடு எழுதுங்கள். பிறகு சேரும் இளைஞர், இந்தச் சங்கம் யாரோ மேலிருந்து கொடுத்தது அல்ல, தன் பாட்டியும் சேர்ந்து கட்டியது என்று படிக்கட்டும்.

சீனிவாசனின் படம் இந்த அரங்கில் மாலையோடு இருக்கிறது, இருக்கட்டும். வெளியே மேசையில் உறுப்பினர் பதிவேடும், வேங்கைவயல் உட்பட நிலுவையில் உள்ள வன்கொடுமை வழக்குகளை விரைவாக முடிக்கக் கோரும் மனுவும் வைக்கப்பட்டிருக்கின்றன. மனுவை முழுவதும் படியுங்கள். ஏதாவது வாசகத்தில் உங்களுக்கு உடன்பாடு இல்லை என்றால் அங்கே இருக்கும் தோழர்களிடம் சொல்லுங்கள், திருத்த இடம் விட்டிருக்கிறோம். உடன்பாடு இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு வெற்றுத் தாள்களை வாங்கிக்கொண்டு உங்கள் தெருவுக்கும் கொண்டுபோங்கள்.